பதினொரு கிலோ யாருடையது

“அப்பம் இந்தப் பதினொரு கிலோவும் ஆருக்க மேலயாக்கும் கெடக்கு?”

“அதக் கேக்காண்டாம்னுதானலே எல்லாரையும் ஒண்ணா ஏத்தி நிப்பாட்டினேன். பின்னயும் அதையே கேட்டா?”

“கேக்காம எப்பிடிக் குறைக்க? கணக்குண்டுல்லா அக்கா.”

“கணக்கு எட்டுப் பேருக்கும் பொது. ஆளுக்கு ஒண்ணரை கிலோ. தீந்துது சோலி.”

அக்கா ஜினிஷா தராசின் மேல் நின்று பேசினாள். தம்பி பிரபின் கீழே நின்று பேசினான். இடம் அருமனைக்குப் பக்கத்தில் கிருஷ்ணமணியின் ரப்பர் ஷீட் கிட்டங்கி. ஷீட்டுக் கட்டுகளை ஏற்றி நிறுக்கிற இரும்புத் தட்டின் மேல் எட்டுப் பெண்கள் நின்றார்கள். நாலு பேர் நின்றாலே நெருக்கமாகிவிடும் தட்டு அது. ஒருத்தியின் முழங்கை இன்னொருத்தியின் விலாவில், ஒருத்தியின் கொண்டை இன்னொருத்தியின் மூக்கில். பிரேக் போட்ட பஸ்ஸில் நிற்பதுபோல ஒருவரையொருவர் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சுவரில் சிவப்பு விளக்கில் 511 என்று எரிந்தது. ஐந்நூறுக்கு மேல் போகக் கூடாது.

அந்த ஊரில் ஆண்கள்தான் வடம்வலிக்குப் போவார்கள். கயிற்றின் இந்த முனையில் ஓர் அணி, அந்த முனையில் ஓர் அணி. இழுத்துக் கோடு தாண்டவைத்தால் வெற்றி. இந்த வருஷம் பொங்கலுக்குக் குழித்துறையில் நடக்கிற போட்டியில் பெண்களுக்கும் ஒரு பிரிவு என்று நோட்டீஸ் ஒட்டியதும், ஜினிஷா வீடு வீடாகப் போய் ஆள் பிடித்தாள். தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவள். ஊசி போடுகிற அதே தயவில்லாத அன்போடு எட்டுப் பேரைச் சேர்த்துவிட்டாள். பரிசு ஒரு முட்டாட்டுக் கிடாவும் ஒரு ஏத்தன் வாழைக்குலையும். எட்டுப் பேரின் எடை சேர்ந்து ஐந்நூறுக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. தனித்தனியாக நிறுத்தால் பெண்பிள்ளைகளுக்குக் கூச்சமாக இருக்கும், ஒருத்தியின் எடை இன்னொருத்திக்குத் தெரிய வேண்டாம் என்று எல்லாரையும் சேர்த்து ஏற்றியதும் அவள் யோசனைதான். நல்ல யோசனை என்று எல்லாருக்கும் தோன்றியது.

தட்டின் பின்மூலையில், ஒற்றைக் காலைத் தட்டிலும் மற்றக் காலைத் தன் காலின் மேலேயுமாக வைத்து நின்றிருந்த ஷைஜாவுக்கு மட்டும் யாரும் சொல்லாமலே விடை தெரிந்திருந்தது. பதினொரு கிலோவும் அவளுடையது. ஒரு கிராம்கூட மற்றவர்களுடையது அல்ல.

எட்டாம் வகுப்பிலிருந்தே அவளுக்குத் தன் உடம்பைப் பற்றிய கணக்குகள் மனப்பாடம். குரூப் போட்டோவில் எந்த வரிசையில் நின்றால் பாதி மறையும், எந்த நிறத்துச் சுடிதார் போட்டால் இடுப்பு சுருங்கும், கல்யாண வீட்டுப் பந்தியில் எப்போது எழுந்தால் இரண்டாவது முறை சோறு வாங்கியதை யாரும் பார்க்கமாட்டார்கள், எல்லாம் தெரியும். பெண் பார்க்க வந்தவர்கள் “நல்ல முகம்” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தச் சொல்லைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கழுத்துக்குக் கீழே பேசாமலிருப்பதற்காகக் கழுத்துக்கு மேலே சொல்லிவைக்கிற சொல் அது.

ஆனால் வடம் வேறு. முதல் நாள் “ஷைஜா கடைசியில நிக்கட்டு” என்று ஜினிஷா சொன்னபோது, இங்கேயும் பின்வரிசைதானா என்று அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. பிறகு கயிறு அக்குளுக்குக் கீழே நுழைந்து, முதுகைச் சுற்றி, தோளின் மேல் வந்தது. விசில் ஊதினார்கள். ஷைஜா குதிகாலை மண்ணில் புதைத்துப் பின்னால் சாய்ந்தாள். ரப்பர் இலைகளுக்கு இடையே ஆகாயம் தெரிந்தது. முன்னால் ஏழு பெண்களும் சறுக்கினார்கள், முனகினார்கள், கர்த்தாவே என்றார்கள். அவள் மட்டும் அசையவில்லை. ஆற்றில் வெள்ளம் வரும்போது எல்லா வள்ளங்களும் கயிற்றை இழுத்துக்கொண்டு துள்ளும், கரையில் அடித்த குற்றி மட்டும் சும்மா நிற்கும் அல்லவா, அப்படி நின்றாள். பிறந்து இருபத்தாறு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் தன் உடம்புக்கு உள்ளே முழுசாகக் குடியிருந்தாள். அன்று சாயங்காலம் வீட்டுக்கு நடக்கவில்லை, ஓடினாள்.

இப்போது அந்த இடத்துக்குத்தான் ஆபத்து வந்திருந்தது. பிரபின் கத்தாரில் நாலு வருஷம் ஜிம்மில் வேலை பார்த்துவிட்டு வந்தவன். புரோட்டீன், கார்ப் என்று இரண்டு சொல் இல்லாமல் அவனுக்குப் பேச்சு வராது. கிட்டங்கியிலிருந்து இறங்கும்போது அக்காவின் காதில் சொல்வதாக நினைத்துக்கொண்டு எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னான்.

“குறையலேண்ணா கடைசி ஆள மாத்திட்டு அபிதாவ எறக்கு. ஒரே மாத்தத்துல கணக்கு நேராயிரும்.”

அபிதா ஒன்பதாவது ஆள், மாற்றுக்கு வைத்திருந்தவள். காற்றடித்தால் பிடித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவு ஒல்லி. ஷைஜாவுக்கு அபிதாவின் மேல் கோபம் வரவில்லை. கோபமெல்லாம் தன் தொடைகளின் மேல் வந்தது.

மறுநாள் காலை அவள் பட்டினி தொடங்கினாள். அதுவும் எப்பேர்ப்பட்ட மாதம்! டிசம்பர். அவள் பில் போடுகிற குழித்துறை பேக்கரியில் ஆறடி நீளத்துக்குக் கேக் அடுக்கியிருந்தார்கள். கதவைத் திறந்தால் வெண்ணெயும் ஏலக்காயும் ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டன. வீட்டிலே அம்மா முந்திரிக்கொத்துப் பலகாரத்துக்குப் பயறு வறுத்தாள். தெருவெல்லாம் அச்சுமுறுக்கு எண்ணெய் மணம். ஷைஜா சீரகவெள்ளம் குடித்தாள். மதியம் கொண்டுபோன சோற்றை ஆற்றங்கரை நாய்களுக்குப் போட்டாள். நாய்கள் அவளைக் கண்டதும் வாலாட்டித் துணைக்கு வர ஆரம்பித்தன. அம்மாவிடம் கடையில் சாப்பிட்டேன் என்றும், கடையில் வீட்டில் சாப்பிட்டேன் என்றும் சொன்னாள். பைபிளில் கைவைக்காமல் சொல்லும் பொய்க்குப் பாவம் குறைவு என்று தானே ஒரு சட்டமும் போட்டுக்கொண்டாள்.

முதல் வாரம் ஒரு கிறுகிறுப்பான சந்தோஷம். படி ஏறினால் மிதப்பதுபோல் இருந்தது. வளையல் கையில் இறங்கி ஓடியது. கண்ணாடியில் ஒரு எலும்பு புதிதாகத் தெரிந்தது. அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். இரண்டாம் வாரம் அந்தச் சந்தோஷம் மெதுவாகப் பின்வாசல் வழியே போய்விட்டது. மனசில் சாப்பாட்டைத் தவிர எதுவும் நிற்கவில்லை. கிறிஸ்துமஸ் ஆராதனையில் போதகர் மேய்ப்பர்களைப் பற்றிப் பேசும்போது, அவர்கள் அந்தக் குளிரில் என்ன தின்றிருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் மகன் கடித்து வைத்த முந்திரிக்கொத்தை ஒருநாள் கதவுக்குப் பின்னால் நின்று வாயில் போட்டாள். அது இறங்குவதற்குள் அழுகை வந்தது. ஒரு முந்திரிக்கொத்துக்காக அழுகிற ஆள் தான் என்பதை நினைத்து இன்னும் அழுதாள்.

பயிற்சியும் சரியில்லை. அணியிலிருந்த சத்தியபாயின் வீட்டு முற்றத்துப் பலாமரக் கொம்பில் கப்பி மாட்டி, கயிற்றின் மறுமுனையில் மணல் நிறைத்த டிரம்மைக் கட்டியிருந்தார்கள். எட்டுப் பேரும் இழுத்தால் டிரம் கொம்பு வரைக்கும் போக வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் அது ஆட்டுக்குட்டிபோல் துள்ளி மேலே போனது. மாசக் கடைசியில் ஒரு முழம் கிளம்பி, யோசித்து, திரும்ப உட்கார்ந்துகொண்டது. பிரபின் ஸ்டெப் சரியில்லை என்றான், மூச்சு சரியில்லை என்றான், செருப்பு சரியில்லை என்றான். ஷைஜா யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாம் தன் பலவீனம் என்று நினைத்தாள். தொண்டை வரைக்கும் வந்த உண்மையைச் சீரகவெள்ளத்தோடு விழுங்கினாள்.

கிறிஸ்துமஸ் முடிந்த மூன்றாம் நாள் மறுபடியும் கிட்டங்கிக்குப் போனார்கள். மறுபடியும் எட்டுப் பேரும் தட்டில் ஏறினார்கள். இந்தத் தடவை ஷைஜா இரண்டு காலையும் தாராளமாக வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். ஐந்நூறு, ஐந்நூறு என்று உள்ளுக்குள் ஜெபம்போல் ஓடியது. கண்ணைத் திறந்தாள்.

476.

பிரபின் மிஷினைத் தட்டினான். எல்லாரையும் இறக்கிவிட்டுத் தான் ஏறினான். அது அவன் எடையை ஒழுங்காகச் சொன்னது. மறுபடியும் எட்டுப் பேரையும் ஏற்றினான். மறுபடியும் 476.

“முப்பத்தஞ்சு கிலோ எங்கக்கா போச்சு?” என்றான், ஏதோ களவு போன மாதிரி.

அணியில் மூத்தவள் சத்தியபாய்தான் முதலில் வாயைத் திறந்தாள். மூன்று பெற்றவள், நாற்பதைத் தாண்டியவள். அவள் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தபடி சொன்னாள்.

“எனக்க வயித்தப் பாத்தியளா பிள்ளையளே. அந்தப் பதினொண்ணும் இதுலதான் கெடக்குன்னு நெனச்சேன். ராத்திரி கஞ்சிய விட்டுட்டேன்.”

“இல்லக்கா, அது எனக்கதாக்கும்,” என்றாள் முன்வரிசையில் நிற்கும் அஜிதா. “நான் பேரீச்சம்பழமும் வெள்ளமும்தான்.”

பிறகு ஆளுக்காள் ஆரம்பித்தார்கள். எனக்குப் பின்பக்கம், எனக்குக் கைச்சதை, எனக்குத் தைராய்டு என்று, அப்பன் விட்டுப்போன நிலத்துக்குப் பங்கு கேட்டு நிற்பதுபோல், அந்தப் பதினொரு கிலோவுக்கு எட்டுப் பேரும் உரிமை கொண்டாடினார்கள். ஆளுக்கு ஒன்றரை என்று பிரித்துக் கொடுத்த ஜினிஷாவே பார்லி வெள்ளத்தில்தான் நாள் ஓட்டியிருந்தாள். டியூட்டியில் ஒருநாள் தலைசுற்றி நோயாளியின் கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். நோயாளி எழுந்து அவளுக்கு வெள்ளம் கொடுத்தாராம்.

பிரபின் விரலை மடக்கினான். “எட்டுப் பதினொண்ணு எம்பத்தெட்டு. அப்பம் நீங்க எம்பத்தெட்டு கிலோவையாக்கும் குறைக்கப் பாத்திய?”

முதலில் சிரித்தது ஷைஜாதான். பசியில் சிரித்தால் நிற்காது. அவள் குலுங்க, தட்டு குலுங்க, எண்கள் ஏறி இறங்க, எட்டுப் பேரும் ஒருவர் தோளில் ஒருவர் விழுந்து சிரித்தார்கள். இத்தனை வருஷம் போட்டோவின் பின்வரிசையில் தான் மட்டும் ஒளிந்திருப்பதாக அவள் நினைத்திருந்தாள். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் அங்கேதான் நின்றார்கள். முன்வரிசையே காலி.

கீழே நின்ற அபிதா மட்டும் சிரிக்கவில்லை. அவள் முகம் காகிதமாக இருந்தது. அவளும் சாப்பிடவில்லை என்பது கேட்டபிறகுதான் தெரிந்தது.

“நீ என்னத்துக்குட்டி பட்டினி கெடந்தே? உன்னைய நிறுக்கவே இல்லியே,” என்றாள் ஷைஜா.

“ஒருவேள என்னையக் கூப்பிட்டா... நான் ஏறினதுனால கூடீரப்பிடாதுல்லாக்கா.”

அப்போதுதான் சிரிப்பு நின்றது.

சத்தியபாயின் வீடு கிட்டங்கிக்குப் பின்னால். எல்லாரையும் அவள் ஓட்டிக்கொண்டு போனாள். மரச்சீனிக் கிழங்கு அவித்து மலைபோல் கொட்டினாள். காந்தாரி மிளகாயும் சின்ன உள்ளியும் சேர்த்து நசுக்கித் தேங்காயெண்ணெய் விட்டாள். காலையில் வைத்த சாளை மீன்கறி சட்டியில் இருந்தது. ஒருநாள் இருந்தால்தான் அதற்குப் புத்தி வரும் என்பாள், அரைநாள்தான் ஆகியிருந்தது, ஆனாலும் புத்தி வந்திருந்தது. ஷைஜா ஒரு துண்டை எடுத்துக் கறியில் முக்கினாள். குடம்புளியின் புளிப்பு நாக்கின் இரண்டு ஓரத்தையும் பிடித்து இழுத்தது. காது மடல் வரைக்கும் சூடு ஏறியது. யாரும் யார் இலையையும் பார்க்கவில்லை. ஆவி பறக்கும் கிழங்கின் நடுவில், அவளுக்கு அந்த அடுக்களை ஏதோ தூரதேசத்துத் துறைமுகம்போலவும், தாங்கள் நெடுநாள் கடலில் தொலைந்து கரை கண்டவர்கள்போலவும் தோன்றியது.

எல்லாம் அன்றைக்கே நேராகிவிட்டது என்று சொன்னால் அது கதை. மூன்றாவது துண்டில் பழைய குரல் வந்து காதருகே உட்கார்ந்தது: போதும், எழுந்திரு. ஷைஜா எழுந்திருக்கவில்லை, ஆனால் அந்தத் துண்டுக்கு ருசி இல்லை. மறுநாளும் குரல் வந்தது. அதற்கு மறுநாள் கொஞ்சம் பிந்தி வந்தது. பயிற்சி முடிந்ததும் சேர்ந்து சாப்பிடுவது என்று ஆகிவிட்டதால், அது எட்டுப் பேர் சத்தத்துக்கு நடுவே பேச வேண்டியிருந்தது; பாவம், அதற்குத் தொண்டை அவ்வளவு பெரிதில்லை. ஒருநாள் பேக்கரியில் முட்டை பப்ஸை எடுத்து, ஸ்டூலில் உட்கார்ந்து, வந்துபோகிறவர்கள் பார்க்க, அடுக்கடுக்காகப் பிரித்துத் தின்றாள். முக்கால்வாசியில் வயிறு போதும் என்றது. பயம் சொல்லவில்லை, வயிறு சொன்னது. இரண்டுக்கும் குரல் வேறு என்பதை அவள் அன்றுதான் கேட்டாள். ஆற்றங்கரை நாய்கள்தான் ஏமாந்தன.

டிரம் மறுபடியும் கிளம்பியது. புதுவருஷம் கழிந்து ஒரு சாயங்காலம், ஒரே மூச்சில் போய்ப் பலாக்கொம்பில் இடித்தது; மேலே இருந்த காக்கைகள் எல்லாம் கலைந்தன. பிரபின் கார்ப், புரோட்டீன் இரண்டையும் மறந்து விசிலை விழுங்கப் பார்த்தான்.

பொங்கலுக்கு மறுநாள் குழித்துறையில் ஆற்றங்கரை மைதானம் திருவிழாவாக இருந்தது. செண்டை மேளம், ஐஸ் வண்டி, மூங்கிலில் கட்டிய முட்டாடு, அதன் பக்கத்தில் ஆள் உயர ஏத்தன் குலை. மைக்கில் செல்வதாஸ் என்கிற கமிட்டிக்காரர் ராகம் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார். ஷைஜாவுக்கு உள்ளங்கை அரித்தது. கயிற்றைப் பார்த்தாலே குதிகால் தானாக மண்ணைக் கிளறியது.

எடை பார்க்கிற இடத்தில் ஒவ்வொருவராக ஏற்றி, கூட்டி, நிமிர்ந்து பார்த்தார்கள். ஐந்நூற்று மூன்று.

மூன்று கிலோ கூடுதல். யாருக்கு யார் எதிர் என்று சீட்டுக் குலுக்குவதற்குள் ஒரு ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். பிரபின் திரும்பி அபிதாவைப் பார்த்தான். ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். ஒவ்வொருத்தியும் அந்த மூன்று கிலோவைத் தன் மேல் தேடிக்கொண்டிருப்பது ஷைஜாவுக்குத் தெரிந்தது. சத்தியபாயின் கை வயிற்றுக்குப் போயிருந்தது. ஷைஜாவின் காலும் பழக்கதோஷத்தில் ஒரு அடி பின்னால் போனது. நான் விலகுகிறேன் என்றால் முடிந்தது, இரண்டு சொல்தான்.

அபிதா பனியன் மாற்றிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். உதடு வெளுத்திருந்தது. ஷைஜா அவள் கையைப் பிடித்தாள், ஐஸ்.

“காலையில என்ன தின்னே?”

ஒன்றுமில்லை என்று அபிதா தலையாட்டினாள். ஜினிஷா தன் பையிலிருந்து ஒரு பழத்தை எடுத்து உரித்து அவள் கையில் வைத்தாள். அபிதா அதை வெகுநேரம் பார்த்துவிட்டு ஒரு கடி கடித்தாள்.

அந்தக் கடியைப் பார்த்ததும் ஷைஜாவின் கால் திரும்ப முன்னால் வந்தது.

மேடைக்குப் பக்கத்து நிழலில் கடியப்பட்டணம் அணி உட்கார்ந்திருந்தது. நோட்டீஸுக்குப் பிறகு பெண்களுக்காகச் சேர்த்த, எடைக் கணக்கே இல்லாத ஓப்பன் பிரிவுக்கு வந்தவர்கள். அகன்ற தோளும் கனத்த கையுமாக எட்டுப் பெண்கள், கொழுக்கட்டையைப் பங்கு வைத்துத் தின்றுகொண்டு, யாரையோ கிண்டல் செய்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கண்டு எந்த அணியும் அந்தப் பிரிவில் பெயர் கொடுக்கவில்லை. எதிரணி இருக்கா, எதிரணி இருக்கா என்று செல்வதாஸ் காலையிலிருந்து கூப்பிட்டுத் தொண்டை கட்டிப்போயிருந்தார். இல்லாவிட்டால் அந்தப் பிரிவுக்கான ஆடு இழுக்காமலே அவர்களுக்குத்தான் என்றும் அறிவித்துவிட்டார். அதில் அவர்களுக்கே இஷ்டமில்லை. அணித்தலைவி எழுந்து நின்று சொன்னது ஷைஜாவுக்கு நன்றாகக் கேட்டது: “வலிக்காமக் கிட்டுன ஆட்ட எங்க கொண்டு கெட்ட?”

ஷைஜா தன் ஆட்களைத் திரும்பிப் பார்த்தாள். ஏழு பேரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பார்வை எங்கே போய்வந்தது என்பதையும் பார்த்தார்கள். சத்தியபாய் வயிற்றிலிருந்து கையை எடுத்துத் துண்டை இடுப்பில் இறுக்கிக் கட்டினாள். ஜினிஷாவின் மூக்கு விடைத்தது. அஜிதா கர்த்தாவே என்றாள், ஆனால் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

போதும். ஷைஜா நடந்தாள். கூட்டம் வழிவிட்டது, வழிவிடாத இடத்தில் தோளால் வழி பண்ணினாள். மேடையின் படியில் ஏறியபோது பலகை கிறீச்சிட்டது. எப்போதும் அந்தச் சத்தத்துக்குக் கூசுகிறவள், இன்று அடுத்த படியில் இன்னும் அழுத்தி மிதித்தாள். செல்வதாஸ் என்ன ஏது என்று கேட்பதற்குள் மைக்கைத் தன் பக்கம் வளைத்தாள். தன் மூச்சு ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்பது அவளுக்கே கேட்டது. கடியப்பட்டணத்துப் பெண்கள் கொழுக்கட்டையை வாய்க்குக் கொண்டுபோகாமல் நிமிர்ந்தார்கள்.

“அண்ணே, நாங்க அருமனைப் பக்கத்துலேந்து வாறோம். எட்டுப் பேரும் சேந்து ஐந்நூத்து மூணு கிலோ. ஒருத்தியையும் மாத்த மாட்டோம், ஒரு கிலோவும் குறைக்க மாட்டோம். எங்களுக்க பேர ஓப்பன்ல எழுதி, கடியப்பட்டணத்துக்க எதிர வடத்தப் பிடிக்க விடுவியளா?”